பாரசீக மன்னரும் இரண்டு குரல்களும்

1977-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு தெஹ்ரான் அரண்மனை விருந்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் எழுந்து, கலகம் மலிந்த பிரதேசத்தின் நடுவே பாரசீகம் ஓர் அமைதித் தீவாக விளங்குகிறதென்றும், அப்பெருமை ஷா மன்னரையே சாருமென்றும் புகழ்ந்தார். ஒன்பது நாள் சென்றது. கும் நகரில் கிளர்ச்சி செய்த மதக்கல்லூரி மாணவர்மீது துப்பாக்கி வெடித்தது. இறந்தார்க்கு நாற்பதாம் நாள் துக்கங் காப்பது அந்நாட்டு வழக்கம். அந்நாளில் தப்ரீஸ் நகரில் திரண்ட மக்கள்மீதும் சூடு. அங்கு மாண்டவர்களுக்கு நாற்பதாம் நாள் யஸ்த் நகரிலும் சூடு. துக்க நாளே அடுத்த கிளர்ச்சிக்குத் தவணை குறித்தது.

நட்பு மன்னர்மீது அவர்தம் குடிகளே எழுந்தால் வல்லரசு யார் பக்கம் நிற்பது? அமெரிக்கர்க்கு விடை எளிதாயில்லை. எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கிய பிரதம மந்திரி மொசாடெக்கை 1953-இல் கவிழ்த்து ஷாவின் கையை வலுப்படுத்தியதில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒற்றர் இலாகாக்களுக்குப் பங்குண்டு. 1972-இல் ஜனாதிபதி நிக்ஸன், மன்னர் விரும்பும் ஆயுதங்களை விலைக்குத் தர இசைந்தார். ரஷ்ய ஏவுகணைச் சோதனைகளை உளவறியும் நிலையங்களும் பாரசீக மண்ணில் அமைந்தன. இத்தனையும் ஓர் ஆளையே நம்பி நின்றன. அந்த ஆளுக்கோ 1974 முதலே புற்றுநோய். பிரெஞ்சு வைத்தியர்கள் அறிந்திருந்த அவ்விரகசியம் வாஷிங்டனுக்குத் தெரியாது. மன்னர் மனம் கோணலாகாதென்று, எதிர்த்தரப்பாரோடு பழகுவதையும் அமெரிக்கர் பெரிதும் சுருக்கிக்கொண்டிருந்தனர். 1978 ஆகஸ்டில் அவர்களுடைய ஒற்றர் இலாகா, பாரசீகத்தில் புரட்சி நிலைமையுமில்லை, அதற்கு முந்திய நிலைமையுமில்லை என்று எழுதி வைத்தது! வீட்டுக்காரனிடம் மட்டுமே வீட்டு நிலையை விசாரித்தவர்கள் வேறென்ன எழுத முடியும்?

செப்டம்பர் 8-ஆம் நாள், தெஹ்ரானில் இராணுவச் சட்டம் பிறந்த அன்றே, ஜாலே சதுக்கத்தில் கூடினோர்மீது படை சுட்டது. பலர் மாண்டனர், வதந்தியோ ஆயிரக்கணக்கிற் பேசிற்று. இரண்டு நாளில் கார்ட்டர் தொலைபேசி வாயிலாக மன்னருக்கு ஆதரவு கூறினார். அது உலகறியவும் ஆயிற்று. மனித உரிமையைத் தம் கொள்கையாக முழங்கியவர் அவர். வாய்மூடி இருந்தால் அமெரிக்க நட்பை நம்பிய பிற மன்னர்கள் என்ன நினைப்பர்? வாய் திறந்ததாலோ, பிணம் எடுத்த வீட்டார் அச்சூட்டில் அமெரிக்காவுக்கும் பங்குண்டெனக் கொண்டனர்.

இதன்பின் வாஷிங்டனுக்கு இரண்டு குரல் உண்டாயிற்று. பாதுகாப்பு ஆலோசகர் பிரெஸின்ஸ்கி, மன்னர் உறுதியாக நின்று, வேண்டின் படையைக் கொண்டேனும் அடக்கவேண்டும் என்ற கருத்தினர். வெளிநாட்டு மந்திரி வான்ஸ் சமரசத்தை நாடினார். நவம்பர் 3-இல் பிரெஸின்ஸ்கி தாமே மன்னரைத் தொலைபேசியில் அழைத்துத் தைரியம் கூறினார். தெஹ்ரானில் அமெரிக்க ஸ்தானீகராயிருந்த சல்லிவனோ 9-ஆம் நாள், மன்னர் நிலைக்காவிடின் என் செய்வதென இப்பொழுதே சிந்திக்க வேண்டுமென்று தந்தி அனுப்பினார்.

யான் தோட்டக் காரியாலயத்தில் கிராணி. பெரிய துரை ஒன்று சொல்லச் சின்ன துரை வேறொன்று சொல்ல, பெரட்டில் நிற்கும் ஆட்களுக்கு எதை வாசிப்பதென்று விழித்த காலைப்பொழுதுகள் எனக்கும் உண்டு. ஆகவே சல்லிவன்மீது எனக்குச் சற்றுப் பரிவுண்டு. எனினும் தோட்டத்தில் கெடுவது அரைநாள் வேலை. அங்கோ வீதியில் உயிர் போய்க்கொண்டிருந்தது.

1979 ஜனவரி தொடக்கத்தில் ஹய்ஸர் என்னும் படைத்தலைவர், பாரசீகப் படையைப் புதிய மந்திரி பக்தியாரின் பக்கம் நிறுத்துவதற்காக அனுப்பப்பட்டார். பிரான்சிலிருந்த கோமெய்னியிடம் ஒருவரை அனுப்பிப் பேசும் யோசனையைக் கார்ட்டர் கைவிட்டார், சல்லிவன் வெகுண்டார். அந்நாட்களில், நாட்டைவிட்டு நீங்குவதே நலமென்று தம் அரசாங்கம் கருதுவதை அவர் மன்னரிடம் தெரிவித்தபோது, மன்னர் கைகளை விரித்து, தாம் எங்கே போவதென்று வினவினாராம். சல்லிவனே பின்னர் எழுதிய செய்தி இது.

ஒரே குரலாய்ச் சுடச் சொல்லியிருந்தால் மன்னர் பிழைத்திருப்பார் என்று வாதிப்பாருண்டு. எனக்கு அது சம்மதமன்று. அப்படையிற் பெரும்பாலோர் கட்டாயச் சேவைக்கு வந்த எளிய வீட்டுப் பிள்ளைகள். டிசம்பரில் ஆஷுரா நாளன்று வீதிக்கு வந்தோர் இலட்சக்கணக்கானோர். எண்ணெய்த் தொழிலாளரும் வேலையை நிறுத்தியிருந்தனர். துப்பாக்கியைக் காட்டி எவ்வளவு எண்ணெய் இறைக்க முடியும்? பிழை அதற்கு முன்பே நேர்ந்தது. தேர்தலுக்கும் சட்டத்துக்கும் அடங்கிய முடியாட்சியைக் கொடுத்துக் குடிகளைத் தணிக்க மன்னருக்குக் காலமிருந்த நாளில், அதை அவர் முகத்துக்கு நேரே வற்புறுத்தும் நண்பர் ஒருவருமில்லை. எல்லோரும் விருந்தில் எழுந்து புகழ்பவராகவே இருந்தனர்.

ஜனவரி 16-இல் மன்னர் வெளியேறினார். பிப்ரவரி முதல் நாள் கோமெய்னி வந்திறங்கினார். 11-ஆம் நாள் படை எப்பக்கமும் சாராதென்று அறிவித்து ஒதுங்கியது. ஆனால் சங்கடம் மன்னரோடு போய்விடவில்லை. நோயுற்ற பழைய நண்பருக்குச் சிகிச்சை அளிக்க இடங்கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, நம் தூதரகத்தாரைப் பிடித்துக்கொண்டால் அன்று எனக்கு என்ன யோசனை சொல்வீர்கள் என்று கார்ட்டர் ஆலோசகரைக் கேட்டாரென்பர். கேட்டும், அக்டோபர் 22-இல் மன்னர் நியூயார்க் வர அனுமதித்தார். நவம்பர் 4-இல் தூதரகம் பிடிபட்டது. 52 பேர் 444 நாள் சிறையிருந்தனர்.

மன்னர் பனாமா சென்று, பின் எகிப்தை அடைந்து, 1980 ஜூலை 27-இல் கெய்ரோவில் இறந்தார். சதாத் அரச மரியாதையோடு அடக்கம் செய்வித்தார். சவ ஊர்வலத்தில் நிக்ஸன் நடந்து சென்றார். அப்பொழுது அவர் எப்பதவியும் இல்லாத தனி மனிதர். கார்ட்டர் வரவில்லை.