போலிப் பட அட்டைகளும் ஒளியின் சாட்சியமும்

வெள்ளைத் தாள் ஒன்றில் மஞ்சள் வண்ணக்கோலால் மிகச் சிறிய புள்ளிகள் சில வையுங்கள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் அவை எளிதில் புலப்படமாட்டா. பின்னர் அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் முகப்பில் நீலக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி, அதே தாளின்மீது ஒளியைப் பாய்ச்சுங்கள். புள்ளிகள் கருமையாகத் துலங்கும். மஞ்சள் நிறமி நீல ஒளியை உட்கவர்ந்துகொள்கிறது. சுற்றியுள்ள வெள்ளைப் பரப்போ அதைத் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவுதான்.

இத்தகைய மஞ்சள் புள்ளிகள்தாம் 2025 சனவரியில் ஒரு பெரும் பொய்யை உடைத்தன. ஜப்பானில் 1996-இல் போக்கிமான் விளையாட்டு அட்டைகள் முதன்முதலில் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன் சோதனைக்காகச் செய்யப்பட்ட மாதிரிகள் என்று கூறி, சில அட்டைகள் 2024-இல் பெரும் விலைக்குக் கைமாறின. தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்று அவற்றை உண்மையானவை என்று சான்றளித்து, பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிட்டும் கொடுத்திருந்தது. ஆனால், அவற்றை நுணுகி ஆராய்ந்த சேகரிப்பாளர்கள் சிலவற்றில் மஞ்சள் புள்ளிகளைக் கண்டனர்.

அந்தப் புள்ளிகள் எப்படி வந்தன? வண்ண நகல் எந்திரங்களைக் கொண்டு கள்ளப் பணம் அச்சிடுவதைத் தடுப்பதற்காக, தயாரிப்பாளர்கள் ஓர் உபாயம் செய்தனர். பல வண்ண லேசர் அச்சு எந்திரங்கள் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைத் திரும்பத் திரும்பப் பதிக்கின்றன. 2005-இல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் அமெரிக்க அமைப்பு, ஜெராக்ஸ் எந்திர வகை ஒன்றின் புள்ளிக் குறியீட்டை விடுவித்தது. 15 நிரல், 8 நிரை கொண்ட அச்சிறு கட்டத்துள் எந்திரத்தின் வரிசை எண்ணும், அச்சிட்ட நாளும் நேரமும் அடங்கியிருந்தன! 1996-ஆம் ஆண்டின் மாதிரி எனப்பட்ட அட்டைகளில் சிலவற்றின் புள்ளிகளைப் படித்தபோது கிடைத்த ஆண்டு 2024. பணத்தாளைக் காக்க வைத்த பொறியில் விளையாட்டு அட்டை அகப்பட்டது வேடிக்கைதான்.

இன்னும் பழைய அட்டைகளுக்குப் புற ஊதா விளக்கு உதவுகிறது. சலவைத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை இவ்விளக்கின்கீழ் நீலமாக ஒளிர்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதிலுள்ள வெண்மையூட்டிகள் புற ஊதாக் கதிர்களை ஏற்று, அலைநீளம் கூடிய நீல ஒளியாக வெளியிடுகின்றன. காகிதத் தொழிலில் இப்பொருள்கள் பரவியது 1940-களுக்குப் பின்னரே. எனவே 1910-ஆம் ஆண்டினது என்று சொல்லப்படும் அட்டை பளிச்சென்று ஒளிர்ந்தால், ஐயுறவு கொள்ளலாம். ஆனால் ஒளிராத அட்டையெல்லாம் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளில் அச்சிட்டவனை இவ்விளக்கு பிடிக்காது.

விளக்கால் பிடிக்க முடியாத வேறொன்றும் உண்டு. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளை வைத்து விற்றது. அவற்றுள் ஹோனஸ் வாக்னரின் அட்டை விரைவில் நிறுத்தப்பட்டதால் மிக அரிதாயிற்று. 1985-இல் பில் மாஸ்ட்ரோ என்னும் வணிகர் அதன் பிரதி ஒன்றை 25,000 டாலருக்கு வாங்கினார். பின்னர் அது கைமாறி, 1991-இல் 4,51,000 டாலருக்கும் 2007-இல் 28 லட்சம் டாலருக்கும் விலைபோயிற்று. 10-க்கு 8 என்று தரச்சான்றும் பெற்றது. காகிதம் அசல், மையும் அசல். ஆனால் மூலைகள் நூறாண்டுப் பழமைக்கு மிஞ்சிய கூர்மை கொண்டிருந்தன. ஓரம் வெட்டப்பட்டதோ என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது. அளந்து பார்த்துத் தீர்க்கலாம் என்றால், அக்காலத்து அட்டைகளே ஒரே அளவாக வெட்டப்பட்டவை அல்ல. 2013-இல் வேறு ஏல மோசடிகளுக்காகச் சிகாகோ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோதுதான், ஓரங்களை வெட்டியது தானே என்று மாஸ்ட்ரோ கூறினார்.