சிஸ்டர் என்றொரு மயிலாப்பூர்ப் பாட்டி

'சிஸ்டர்' என்றதும் நம் நினைவில் வந்து நிற்பவர் பங்குப் பள்ளியின் கன்னியர். அல்லது மருத்துவமனைச் செவிலியர். சென்னையில், சிறப்பாக மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சொல் ஓர் இந்துக் கைம்பெண்ணைக் குறித்தது. சகோதரி சுப்பலட்சுமி என்று வரலாறு அறிந்த அந்த அம்மையாருக்கு மக்கட்பேறு இல்லை. ஆகவே பேரப்பிள்ளைகளும் இல்லை. ஆயினும் இந்நகரத்துப் பெண் கல்வியின் வம்சாவளியை எழுதப் புகுவோர் அவரைப் பாட்டியின் இடத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் பொறியாளர். செங்கற்பட்டு மாவட்டத்தில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் முதலிடம் பெற்றபோது சிறுமிக்கு வயது 9. பதினோரு வயதளவில் மணமும் முடிந்தது. சில நாட்களிலேயே கணவரும் காலமானார். அந்நாளைய பிராமணக் குடும்பங்களில் இதன் பொருள் என்னவென்று இன்றைய இளைஞர்க்குச் சொல்லித்தான் விளங்க வைக்க வேண்டும். தலை மழித்தல், ஒருவேளை உணவு, மங்கல நிகழ்ச்சிகளில் கண்ணில் படாதிருத்தல், மறுமணம் என்ற பேச்சே இல்லாமை. பூவும் பொட்டும் என்னவென்று முழுதாய் உணருமுன்பே அவை பறிக்கப்படும். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில், கைம்பெண்கள் பட்டியலில் சேர 60 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு விதி காணப்படுகிறது. நம் நாட்டிலோ பால்பற்கள் விழுந்து முடியாத சிறுமியரையும் அப்பட்டியலில் சேர்த்தார்கள்!

சுப்பலட்சுமியின் பெற்றோர் ஊர் வழக்கை மீறினர். மகளின் கூந்தலைக் களையவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தனர். பின்னர் அவர் பிரசன்டேஷன் சபைக் கன்னியரின் பள்ளியில் பயின்றார். அயர்லாந்திலிருந்து அச்சபையார் சென்னைக்கு வந்தது 1842ஆம் ஆண்டில். மணம் செய்துகொள்ளாமல், பிறந்த நாட்டைத் துறந்து, அயலார் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கொண்டு வாழ்ந்த அப்பெண்களைக் கண்ட கைம்பெண்ணுக்கு ஒன்று புலனாயிற்று. கணவனும் குழந்தையும் இல்லாத வாழ்வு பாழான வாழ்வாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அது ஒரு பணியின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். அவர் சமயம் மாறவில்லை. மாறும்படி அவரைக் கேட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம். கன்னியரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு வாழ்க்கை முறையை. சிஸ்டர் என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

1911இல் மாநிலக் கல்லூரியில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. அடுத்த ஆண்டு எழும்பூரில், விரல்விட்டு எண்ணத்தக்க இளங் கைம்பெண்களோடு ஓர் இல்லம் தொடங்கிற்று. தாமும் இளமையிலேயே கணவரை இழந்த அவருடைய சித்தி வாலாம்பாள் அவ்வில்லத்திற்குத் துணை நின்றார். பெண் கல்வி ஆய்வாளராயிருந்த மிஸ் லிஞ்ச் அரசின் பக்கத்திலிருந்து கை கொடுத்தார். இங்கே ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் பெருக வேண்டுமானால் ஆசிரியைகள் வேண்டும். ஆண் ஆசிரியரிடம் மகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். மணமான பெண்ணோ வீட்டை விட்டு வேலைக்கு வர மாட்டாள். வீட்டுக்கு வேண்டாதவள் என்று மூலையில் அமர்த்தப்பட்ட கைம்பெண் ஒருத்திதான் வாழ்நாள் முழுவதையும் தர வல்லவள். சமூகம் கழித்துப்போட்ட கல்லை எடுத்து அவர் மூலைக்கல்லாக்கினார்.

இல்லம் வளரவே இடம் போதவில்லை. கடற்கரையில் நின்ற ஐஸ் ஹவுஸை 1917இல் அரசு வாங்கியது. கைம்பெண்கள் அங்கே குடியேறினர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடம் அது. கன்னியர் வந்ததும் அதே ஆண்டு என்பது தற்செயல்தான். எனினும் நினைக்க இனிக்கிறது. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் இங்கேதான். 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி உருவாயிற்று. அதன் முதல் முதல்வர் சுப்பலட்சுமியே. மூலையில் முடங்கியிருக்க வேண்டியவர்கள் ஆசிரியைகளாகி மாகாணமெங்கும் சென்றனர்.

போற்றிப் பேசும்போது ஒன்றை மறைத்தல் தகாது. இல்லத்தின் கதவு பிராமணக் கைம்பெண்களுக்கே திறந்தது. ஆசாரங்களும் அங்கே காக்கப்பட்டன. ஆசாரம் குலைந்தால் எந்தத் தகப்பனும் பெண்ணை அனுப்ப மாட்டான் என்ற அச்சம் மெய்யானதே. ஆனால் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த விளக்கம் சோறு போடாது. அதே 1886இல், அவருக்கு மூன்று வாரம் முன்பு புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாசலை 1930இல் தேவதாசி குலத்துச் சிறுமியர் தட்டினர். அவர்களை ஏற்க நகரத்து விடுதிகள் மறுத்தன. டாக்டர் அம்மையார் தம் வீட்டிலேயே இடமளித்தார். அதுவே பின்னாளில் அடையாற்றில் வேரூன்றிய ஔவை இல்லம். 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியவரும் அவரே. இருவரில் எவர் பெரியவர் என்று நான் எடை போடப் போவதில்லை. ஒருவர் திறந்த கதவின் அளவு போதவில்லை என்பதை மற்றவர் வீடு காட்டுகிறது, அவ்வளவே.

குழந்தை மணத் தடைச் சட்டத்திற்கு முன்னோடியான ஜோஷி குழுவின் முன் சுப்பலட்சுமி சாட்சியம் அளித்தார். சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தாம் வளர்த்த சாரதா வித்யாலயத்தை 1938இல் இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். தியாகராய நகர் உஸ்மான் சாலையில் அது நிலைபெற்றது. நட்டவரே பிறர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குதல் எளிதன்று. நம் நிறுவனத் தலைவர்கள் இதைக் கருதலாம். ஓய்வு என்று சும்மா இருக்கவில்லை. 1942இல் வயது வந்த பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல மையம். 1956இல் வித்யா மந்திர் என்று பெயர் பெற்ற மயிலாப்பூர்ப் பள்ளி. இடையே 1952 முதல் 1956 வரை சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினர். 1958இல் பத்மஸ்ரீ விருது. சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேய எழுத்தாளர் மோனிகா ஃபெல்ட்டன் 1966இல் அவர் வாழ்வை நூலாக்கினார்.

ஆலயத்தை விட்டு நீங்காமல் நோன்பிருந்து மன்றாடிய கைம்பெண் அன்னாவைப் பற்றி லூக்கா எழுதுகிறார். ஆண்டவரை ஆலயத்தில் காணிக்கையாகக் கொடுத்த விழாவில் ஆண்டுதோறும் அப்பகுதி வாசிக்கப்படும்போது, 84 வயது அன்னாவோடு இந்த மயிலாப்பூர்ப் பாட்டியும் எனக்கு நினைவில் எழுகிறார். அன்னாவைப் போலவே அவரும் 80 வயதைக் கடந்து வாழ்ந்தார். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் இல்லங்கள் குடில் அமைக்கத் தொடங்கியிருந்த வாரத்தில், வைகுண்ட ஏகாதசியன்று சகோதரி சுப்பலட்சுமி கண் மூடினார்.