நொய்யல்: அழுக்கும் மீட்பும்

வெள்ளியங்கிரி மலைச் சரிவில் பிறக்கும் ஓடைகள் ஒன்றுகூடி, தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் நொய்யலாகின்றன. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால் வழியே கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி முதலிய குளங்கள் நிரம்பின. ஒரு குளத்தின் உபரி அடுத்த குளத்துக்குப் போகும். சொட்டு நீரும் வீணாகாத பழைய ஏற்பாடு இது.

கோவையைத் தாண்டியதும் ஆறு சாக்கடை சுமந்தது. 1980-களுக்குப் பின் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி பெருகவே, சாய, சலவைப் பட்டறைகளின் உப்புக் கழிவும் சேர்ந்தது. சென்னிமலைக்கு அருகே பாசனத்துக்காக 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவுத் தேக்கமானது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்புக் கரித்தன, தென்னைகள் காய்ந்தன.

விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற விதியைப் பட்டறைகள் நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்டவற்றை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

அதன்பின் மறுசுழற்சி வேரூன்றியது. கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்கின்றன. சவ்வு வடிகட்டிகள் நல்ல நீரைப் பிரிக்கின்றன. எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். நீரும் உப்பும் மீண்டும் சாயத் தொட்டிக்கே திரும்புகின்றன. மின்செலவு அதிகம், கசடு இன்னும் சுமைதான். ஆனால் தொழிலும் ஆறும் சேர்ந்து வாழ இதைவிட்டால் வழியில்லை.