பொடிந்த எலும்பும் எஞ்சிய பெயரும்

ஹனூரைச் சூழ்ந்திருப்பவை 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகள். அவற்றில் டைனோசரைத் தேடிப் பயனில்லை. புதைபடிவத்தில் ஆர்வங்கொண்டவர் இங்கிருந்து காவிரிப் படுகையின் கீழ்ப்பகுதிக்கு, அரியலூருக்குத்தான் செல்ல வேண்டும்.

அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் பிற்பாதியில் விவரித்து, ‘ப்ருஹத்காயோசாரஸ்’ எனப் பெயரிட்டனர். பேருடலைக் குறிக்கும் வடசொல்லும் பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் புணர்ந்த பெயர் அது. மொழியியல் பயின்றவருக்குத் தனிச் சுவை. முதலில் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட இவ்விலங்கு பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணிகளோடு சேர்க்கப்பட்டது. அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர்!

ஆனால் அவ்வெலும்புகள் பொடிந்து அழிந்தன. நெடுங்காலம் ஆய்வுலகின் கையில் இருந்தவை சில கோட்டோவியங்களே. அவை எலும்பே அல்ல, கல்மரம் என்று ஐயுற்றவரும் உண்டு. களத்தில் எடுத்த பழைய ஒளிப்படங்கள் 2022இல் வெளியானபின் அவ்வையம் பெரிதும் தளர்ந்தது. எடை பற்றிய வழக்கு மட்டும் ஓயவில்லை.

இன்று தொல்லுயிர் ஓவியர் பலர் இதனை முழு உருவில் தீட்டுகின்றனர். கழுத்தும் தோலும் வாலும் உறவின விலங்குகளிடமிருந்து பெற்ற கடன். அவ்வோவியங்களை நானும் விரும்பிச் சேர்க்கிறேன்; எனினும் எது எலும்பு, எது ஊகம் என்று அடிக்குறிப்பிடும் ஓவியரையே மதிக்கிறேன். அத்தகையோர் மிகச் சிலர்.