சண்டிகர்: பூசப்படாத சுவர்கள்

சண்டிகரின் வரலாறு லாகூரில் தொடங்குகிறது. 1947இல் பஞ்சாப் இரண்டாகப் பிளக்கப்பட்டபோது, அம்மாகாணத்தின் அரசியலுக்கும் கல்விக்கும் வணிகத்துக்கும் கவிதைக்கும் இருப்பிடமாக விளங்கிய லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியாவில் எஞ்சிய கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகர் என்று ஒன்றில்லை. அரசு அலுவலகங்கள் சிம்லாவில் தற்காலிகமாக இயங்கின. வீடிழந்து வந்த மக்கள் கூட்டமோ ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தது. இந்நிலையில்தான் 1948இல் சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் புதிய தலைநகருக்கான இடம் தெரிவு செய்யப்பட்டது. அருகிலிருந்த சண்டி கோயிலின் பெயரே நகருக்கும் வாய்த்தது. இந்த இழப்பைச் சொல்லாமல் நேரே கட்டடங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவது, பாயிரத்தைக் கிழித்தெறிந்துவிட்டு நூலைப் படிப்பதற்கு ஒப்பாகும்.

நாங்கள் கலந்துகொண்ட சுற்றுலா அப்படித்தான் தொடங்கியது. கேப்பிடல் வளாகத்துக்குள் விரும்பியபடி நுழைந்து உலவ இயலாது. செக்டார் 1இல் உள்ள தகவல் மையத்தில் அடையாள அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொண்டு, சிறு குழுவாக, வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். எங்கள் குழுவில் பதினொருவர். கட்டடக்கலை மாணவர்கள் சிலர், பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதி, அம்பாலாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், பிறகு தமிழ்த்துறையைச் சேர்ந்த நாங்கள் நால்வர். வழிகாட்டி இளம்பெண். இந்தியையும் ஆங்கிலத்தையும் மாறிமாறித் தெளிவாகப் பேசினார். ஆண்டுகளையும் அளவுகளையும் தடுமாற்றமின்றிச் சொன்னார். அவருடைய கதையில் ஒரே ஒரு பாத்திரம்தான் இருந்தது. லெ கொர்பூசியே வந்தார், பார்த்தார், வரைந்தார், நகரம் எழுந்தது.

உண்மையில் முதல் திட்டம் அவருடையதன்று. அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும், அவருடன் பணியாற்றிய போலந்துக் கட்டடக்கலைஞர் மேத்யூ நோவிட்ஸ்கியும் விசிறி வடிவில் ஒரு நகரத்தை வரைந்திருந்தனர். 1950 ஆகஸ்டில் கெய்ரோ அருகே நிகழ்ந்த விமான விபத்தில் நோவிட்ஸ்கி இறந்துபோனார். அதன் பிறகுதான் பஞ்சாப் அரசின் அதிகாரி பி.என்.தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி.எல்.வர்மாவும் ஐரோப்பாவுக்குப் பயணமாயினர். லண்டனில் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதியரையும், பாரிசில் கொர்பூசியேவையும் சந்தித்தனர். 1951 பிப்ரவரியில் இந்தியா வந்த கொர்பூசியே, சிம்லா சாலையிலிருந்த ஓர் ஓய்வு விடுதியில் அமர்ந்து சில நாட்களுக்குள் புதிய வரைபடத்தை முடித்துவிட்டார் என்பது எல்லாரும் வியந்து சொல்லும் செய்தி. வியப்பு நியாயமானதே. ஆயினும் அவ்வளவு விரைவில் முடிந்ததற்கு மேயரின் திட்டம் மேசைமீது விரிந்து கிடந்ததும் ஒரு காரணம். வளைந்த சாலைகளைக் கொர்பூசியே ஏறக்குறைய நேராக்கினார். தன்னிறைவு பெற்ற குடியிருப்புப் பகுதி என்ற எண்ணத்தை மேயரிடமிருந்து பெற்று, 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என்ற அளவில் செக்டார்களாக வகுத்தார். ஏட்டில் முன்னோர் எழுதியதைத் திருத்திப் புதுநூல் செய்வது நம் மரபில் இழிவன்று. அதற்கு வழிநூல் என்று மதிப்பான பெயரே உண்டு. முதல்நூலாசிரியனின் பெயரை மறைப்பதுதான் நெருடுகிறது.

நகரத்தை மனித உடலாக உருவகித்தார் கொர்பூசியே. தலை கேப்பிடல் வளாகம், இதயம் செக்டார் 17இன் வணிகப் பகுதி, நுரையீரல் பூங்காப் பள்ளத்தாக்கு, குருதி நாளங்கள் ஏழுவகைச் சாலைகள். கட்டடங்களின் அளவுகளுக்கும் உடலே அடிப்படை. 183 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மனிதன் கையை உயர்த்தினால் 226 சென்டிமீட்டர். இவற்றிலிருந்து பிறந்த அளவுமுறைக்கு ‘மாடுலர்’ என்று பெயர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஆடரங்கை அளந்ததைப் பாடம் நடத்தும் நமக்கு இது அந்நியமான எண்ணமன்று. ஆனால் ஆறடி உயரம் கொண்ட அந்த மனிதன் யார்? கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து சாரத்தில் ஏறிய சித்தாள் அல்லள் என்பது மட்டும் நிச்சயம்.

உயர்நீதிமன்றத்தின் முன் நின்றபோது சிறிது நேரம் எங்களுள் எவரும் பேசவில்லை. 1955இல் முடிந்த கட்டடம். மாபெரும் குடைபோல ஒரு கூரை. அதன் நிழலில், அதனின்றும் விலகி, நீதிமன்ற அறைகள். இரண்டுக்கும் இடையே காற்று ஓடுகிறது. நுழைவாயிலில் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் மூன்று பெருந்தூண்கள். முகப்பு முழுவதும் கட்டம் கட்டமாக வெயில் தடுப்புகள். மழைநீரையும் வெயிலையும் தடுக்கும் பொருள்களாக நினைக்காமல், கட்டடத்தின் உறுப்புகளாகவே அவர் நினைத்திருக்கிறார் என்பது புரிகிறது. உள்ளே நீதிமன்ற அறைகளின் எதிரொலியை அடக்குவதற்காகக் கொர்பூசியே வரைந்த சித்திரங்களைப் பெரிய கம்பளித் திரைகளாகக் காஷ்மீர் நெசவாளர்கள் நெய்து தந்தார்கள். அதைக் கேட்டதும் அம்பாலா ஆசிரியர், “அந்த நெசவாளர்களின் பெயர்கள் எங்கேயாவது எழுதியிருக்கிறதா, பேட்டி?” என்று வழிகாட்டியிடம் கேட்டார். “இல்லை, சார்” என்றார் அவர், சற்றுத் தயங்கி. “இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.”

அதன் பிறகு நாங்கள் சுவர்களை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். சண்டிகரின் சுவர்களில் பூச்சு கிடையாது. சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்தெடுத்தபோது எப்படி வெளிப்பட்டதோ, அப்படியே விடப்பட்ட கான்கிரீட். கூர்ந்து நோக்கினால் பலகையின் மரவரிகள் கல்லில் பதிந்திருப்பதைக் காணலாம். பலகைக்குப் பலகை இணைப்பு, ஒருநாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடைப்பட்ட கோடு, கலவை சரியாக இறங்காமல் சொரசொரப்பாய் நின்ற இடம், யாவும் தெரிகின்றன. ஐரோப்பிய விமர்சகர்கள் இதனைப் பொருளின் நேர்மை என்று புகழ்ந்தார்கள். நமக்கோ இது ஒரு வருகைப்பதிவேடு போலத் தோன்றியது. இயந்திரங்கள் குறைவாகவும் கூலியாட்கள் மிகுதியாகவும் இருந்த காலம் அது. ஆண்களும் பெண்களும் வரிசையாகச் சாய்தளங்களில் ஏறி, தலைச்சுமையாகவே கலவையைக் கொண்டு சேர்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஆலேன் டானர், ஜான் பெர்ஜர் எழுதிய உரையுடன், 1966இல் சண்டிகரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் இக்காட்சிகளை இன்றும் காணலாம். 254 மீட்டர் நீளமுள்ள தலைமைச் செயலகம், 1958இல், இந்தத் தலைகளின் மீது ஏறித்தான் எழுந்து நின்றது.

வரைபடப் பலகைகளுக்குப் பின்னாலும் பல கைகள் இருந்தன. கொர்பூசியே ஆண்டுக்கு இருமுறை வந்து சில வாரங்கள் தங்கிச் செல்பவர். இங்கேயே தங்கி அன்றாடம் மல்லாடியவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானரே. அவர் 1965 வரை இந்நகரில் வாழ்ந்தார். 1967இல் ஜெனீவாவில் இறந்தபின், அவர் விருப்பப்படி அவருடைய சாம்பல் இங்குள்ள சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. ஃப்ரையும் ட்ரூவும் மூன்றாண்டு பணியாற்றினர். எம்.என்.சர்மா, ஆதித்ய பிரகாஷ், ஜீத் மல்ஹோத்ரா முதலிய இளம் இந்தியக் கட்டடக்கலைஞர்களும், பிரெஞ்சு மொழி அறிந்த ஊர்மிளா யூலி சௌத்ரியும், உயர்நீதிமன்றம், செயலகம் ஆகியவற்றின் கட்டுமானக் கணக்குகளில் உழைத்த பொறியாளர் மகேந்திர ராஜும் இல்லையேல், பாரிசிலிருந்து வந்த தாள்கள் தாள்களாகவே இருந்திருக்கும். செக்டார் 19இல் இவர்கள் வேலை செய்த பழைய அலுவலகம் 2008 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. அது தாங்கியிருப்பதும் கொர்பூசியேவின் பெயரைத்தான்!

சட்டப்பேரவைக் கட்டடம் 1962இல் முடிவுற்றது. அதன் கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் பெருங்கூம்பின் வடிவம், அகமதாபாத் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களைக் கண்டு தோன்றியது. எனாமல் ஓவியங்கள் பதித்த பெருங்கதவு பிரான்சு நாட்டின் கொடை. நகரம் கட்டப்பட்டது ஒரு மாநிலத்துக்காக. 1966 நவம்பர் 1 அன்று அந்த மாநிலமும் பிரிந்து ஹரியானா தோன்றியது. இரண்டுக்கும் சண்டிகரே தலைநகர் ஆயிற்று, நகரமோ மத்திய அரசின் நேரடி ஆட்சிக்குச் சென்றது. பிரிவினையால் பிறந்த நகரம் பத்தொன்பது ஆண்டுகளில் மற்றொரு பிரிவினையைச் சந்தித்தது. ஒரே கூரையின் கீழ் இரு சட்டப்பேரவைகள் என்ற விந்தையை எந்த வரைபடமும் முன்கண்டதில்லை.

பேரவைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே விரிந்து கிடக்கும் திறந்தவெளி, மக்கள் கூடுவதற்கென்று நினைக்கப்பட்டது. அங்கே நாங்கள் கண்டவை முள்வேலியும் காவலர்களும்தான். 1995 ஆகஸ்ட் 31 அன்று பஞ்சாப் முதலமைச்சர் பேயந்த் சிங் இந்தச் செயலக வாசலில் மனித வெடிகுண்டுக்குப் பலியானார். அதை அறிந்தவர் காவலைக் குறைகூற மாட்டார்கள். எனினும் மக்களாட்சியின் முற்றம் என்று கருதப்பட்ட ஓரிடத்தில் பதினொருவர் மட்டும், குறித்த நேரத்தில், வரிசையாக நடந்து செல்வதில் ஒரு கசப்பு இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கசப்பை வழிகாட்டி ஒரே சொற்றொடரில் கடந்தார். அவர் பணி அது.

ஆளுநர் மாளிகை ஒன்றும் இவ்வளாகத்தில் இடம்பெறுவதாக இருந்தது. மக்களாட்சிக்கு அது பொருந்தாது என்று நேரு கருதியதால் கைவிடப்பட்டது. திறந்த கை என்னும் சின்னத்தின் கதை வேறு. கொடுக்கவும் பெறவும் விரிந்த கை என்று கொர்பூசியே அதற்குப் பொருள் சொன்னார். நேருவின் ஆதரவை நாடிக் கடிதங்கள் எழுதினார். 1964இல் நேரு மறைந்தார். 1965இல் கொர்பூசியேவும் மறைந்தார். நங்கலில் உள்ள பணிமனையில் உலோகத் தகடுகளால் செய்யப்பட்டு, 1985இல்தான் அந்தக் கை, 26 மீட்டர் உயரத்தில், காற்றுக்கேற்பச் சுழன்றபடி நிறுவப்பட்டது. தனிமனிதர் சிலைகள் இந்நகரில் கூடா என்பது கொர்பூசியே வகுத்த நகர விதிகளுள் ஒன்று. 2016இல் ஏழு நாடுகளைச் சேர்ந்த அவருடைய 17 படைப்புகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. இவ்வளாகமும் அவற்றுள் அடங்கும். சிலை வைக்கவில்லையே தவிர, வழிபாட்டுக்குக் குறைவில்லை.

சுற்றுலா அங்கே முடிந்தது. மாலையில் நாங்களாகவே செக்டார் 22க்குப் போனோம். நகரின் மிகப் பழைய குடியிருப்புகளில் அதுவும் ஒன்று; ட்ரூ, ஃப்ரை, ஜானரே மூவரும் அரசு ஊழியர் வீடுகளை வடிவமைத்த பகுதி. நம் மனத்துக்கு மிக நெருங்கியது இதுதான். வெயிலைத் தடுக்கச் செங்கல் சல்லடைகள், இரவில் படுக்க மொட்டைமாடி, வாசலுக்கு எதிரே பூங்கா. முதலமைச்சர் முதல் கடைநிலை ஏவலர் வரை தகுதிவாரியாக 13 வகை வீடுகள் திட்டமிடப்பட்டன. பதின்மூன்றாம் வகை ஏவலருக்குரியது. ஏவலருக்கும் தனிச் சமையலறை, கழிப்பறை, குழாய் நீர் ஆகியவற்றுடன் வீடு தர வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது பெரிய காரியம். சம்பள வரிசையைச் செங்கல்லில் நிரந்தரமாக எழுதிவைத்ததும் அதே திட்டம்தான். செக்டார்களுக்கு எண் இட்டபோது மட்டும் 13 என்ற எண்ணைத் தவிர்த்துவிட்டார்கள். ஐரோப்பியருக்கு அது ஆகாத எண் என்பார்கள். 2020இல் மணிமாஜ்ரா என்ற பழைய ஊருக்கு அந்த எண்ணைச் சூட்டினார்கள். ஆயிரம் நினைவுகள் கொண்ட ஒரு பெயருக்குப் பதிலாக, எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய எண்!

பழைய ஊர்கள் வேறும் இருந்தன. தலைநகருக்காக எடுக்கப்பட்ட நிலம் பொட்டல் காடன்று. உழவர்கள் வாழ்ந்த சிற்றூர்களும் மாந்தோப்புகளும் நிறைந்த நல்ல வயல்நிலம். அவர்கள் எதிர்த்தார்கள், பயன் விளையவில்லை. பிற்காலத்தில் விரிந்த தென்பகுதியில் புரைல், அட்டாவா போன்ற சில ஊர்கள், நேர்கோட்டுச் செக்டார்களின் நடுவே வளைந்த சந்துகளுடன் இன்றும் நீடிக்கின்றன. இடிக்கப்பட்ட ஊர்களின் ஓடுகளையும் உடைந்த பாண்டங்களையும் பொறுக்கிவந்து, நெக் சந்த் என்னும் சாலை ஆய்வாளர், 1950களின் பிற்பகுதி முதல் காட்டுக்குள் எவருமறியாமல் ஓர் உலகத்தைச் சமைத்துக்கொண்டிருந்தார். அவரும் பாகிஸ்தானுக்குப் போன ஓர் ஊரிலிருந்து அகதியாக வந்தவர்தான். அரசு நிலத்தில் சட்டத்துக்குப் புறம்பாக எழுந்த அந்தப் பாறைத் தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. விதிகளை மீறியவருக்கு இந்நகரம் காட்டிய அரிய கருணை இது.

நகரத்தைக் கட்டிய கூலியாட்களுக்கு அக்கருணை கிட்டவில்லை. 13 வகை வீடுகளில் அவர்களுக்கென்று ஒரு வகை இல்லை. வேலை முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது திட்டமிட்டவர்களின் கணக்கு. அவர்கள் போகவில்லை. எங்கே போவது? தற்காலிகம் என்று பெயரிடப்பட்ட குடிசைப் பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்தன. பின்னர் வேலை தேடி வந்தவர்களும் அவற்றோடு சேர்ந்தார்கள். அவற்றுள் ஒன்றான தொழிற்பேட்டைப் பகுதியின் நான்காம் எண் காலனி 2022இல் இயந்திரங்களைக் கொண்டு இடிக்கப்பட்டது. நாள், மே 1. தகுதியுடையோர் என்று கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் மேற்கு விளிம்பிலுள்ள மலோயாவில் வாடகைக் குடியிருப்புகள் தரப்பட்டன.