போல்ட் இறுகினால்... கொஞ்சம் துப்பாக்கி வரலாறு

மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு நெய்வேலி டவுன்ஷிப் ரோட்டுல நடந்திருக்கீங்களா? அந்த வெயில்ல ஒரு தோட்டாவைக் கால் மணி நேரம் வச்சா என்ன ஆகும்? வெடிக்காதுங்க, பயப்படாதீங்க. ஆனா சுட்ட பிறகு ரைஃபிள் போல்ட்டைத் தூக்க முடியாமப் போகலாம்.

என்.சி.சி.யில் .303 தூக்கினவங்களுக்குப் போல்ட் தெரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காக: சேம்பரைப் பின்னாலிருந்து பூட்டுற தாழ்ப்பாள்தான் போல்ட். சுடும்போது பித்தளைக் கூடு உப்பி சேம்பர் சுவரோடு ஒட்டும். அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கி விட்டுக்கொடுக்கும். அழுத்தம் அளவு மீறினா பித்தளை பழைய நிலைக்குத் திரும்பாது, சுவரைப் பிடிச்சுக்கும். போல்ட் கைப்பிடி நகராது.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். குன்னூர் பக்கத்துல அருவங்காடு. 1903-ல் அங்கே கார்டைட் தொழிற்சாலை தொடங்கினாங்க. கார்டைட்னா நூல் நூலா இருக்கும் புகையில்லா வெடிமருந்து. 1889-ல் ஏபல், டீவார் ரெண்டு பேரும் உருவாக்கினது. முதல் வகையில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். சூடு தாங்காம குழல் அரிச்சுப் போச்சு. அப்புறம் அதை 30 சதவீதமாக் குறைச்சாங்க.

கார்டைட்டோட இன்னொரு குணம், வெயில்ல சூடானா அழுத்தம் ஏறும். லண்டன் குளிர்ல சோதிச்ச தோட்டா இந்தியக் காட்டுல வேற மாதிரி நடந்துக்கும். .450/400-ன்னு ஒரு வேட்டைத் தோட்டா. கரிமருந்துக் காலத்து 3¼ அங்குலக் கூடு, நீளமான கழுத்து, மெல்லிய விளிம்பு. கார்டைட் போட்டதும் சேம்பரில் சிக்க ஆரம்பிச்சது. எதிரே புலி நிற்கும்போது கூடு வெளியே வரலைன்னா? ஜெஃப்ரி கம்பெனி கூட்டை 3 அங்குலமாக் குறைச்சு விளிம்பைத் தடிமனாக்கியது. ஜிம் கார்பெட் கையில் இருந்ததும் ஜெஃப்ரியோட .450/400 தான்!

புலி ஒருத்தரைத்தான் அடிக்கும். போர்க்களம் அப்படியில்லை. 1915 ஏப்ரல், பெல்ஜியத்தில் ஈப்ரு. கனடாக்காரங்க கையில் ராஸ் ரைஃபிள். குறி தப்பாத துப்பாக்கி, ஆனா சேம்பர் ரொம்ப இறுக்கம். பிரிட்டிஷ் தோட்டாக்களோ அளவில் அவ்வளவு சீராக இல்லை. சேறு வேற. போல்ட்டை பூட்ஸ் காலால் உதைச்சுத் திறந்தாங்க. செத்தவங்ககிட்டேயிருந்து லீ-என்ஃபீல்டை எடுத்துக்கிட்டாங்க. அதே ஈப்ருக்கு நம்ம லாகூர் டிவிஷனும் போய்ச் சேர்ந்தது. 1916-ல் போர்முனையில் ராஸ் போய் லீ-என்ஃபீல்டு வந்தது. அதோட சேம்பர் கொஞ்சம் தாராளம், சேறும் சூடும் பார்த்துப் பழகினது.

இன்னைக்கு வெளிநாட்டுல பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கிறாங்க. போல்ட் இறுகினா அவங்களும் இதே கேள்விகளைத்தான் கேட்டுக்கணும். கம்பெனித் தோட்டா போட்டா சரியா வருதா? வந்தா குத்தம் நம்ம தோட்டாவுல: மருந்து கூடுதலா, கூடு நீண்டுபோச்சா, அடிப்பகுதி அளவுக்கு அழுத்தப்படலையா, தோட்டா வெயில்ல கிடந்துச்சா. கம்பெனித் தோட்டாவும் இறுகினா சேம்பரைப் பாருங்க: அழுக்கு, எண்ணெய், கரடு. எதுவா இருந்தாலும் சுத்தியலால் தட்டி அடுத்ததைச் சுடக் கூடாது. போல்ட் இறுகுறது கடைசி எச்சரிக்கை, அதுக்கு மேல போனா இரும்பு உடையும், கண்ணு போகும்.

நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்க முடியாது. அதனால யாரும் முயற்சி பண்ணிடாதீங்க சாமி!

அருவங்காடு தொழிற்சாலை 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ். அடுத்த தடவை ஊட்டி ரயில் அருவங்காட்டுல நிக்கும்போது, ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. அந்தக் குளிர்ல செஞ்ச மருந்து நம்ம சமவெளி வெயில்லயும் ஒழுங்கா நடந்துக்கணுமேன்னு எத்தனை பேர் கணக்குப் போட்டிருப்பாங்க!