ஓட்டுப் பெட்டியும் பெருக்கல் குறியும்

மார்ச் கணக்கு முடிப்பு, அது முடிந்த கையோடு ஆடிட்டர்கள் வருகை என்று ஆணிகள் அதிகமாகிப் போனதில், இந்தப் பக்கம் வந்தே பல வாரமாகிவிட்டது. இந்த முறை வங்கிக் கதை கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஊர்களில் நடந்த தேர்தல்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். பி.காம் படித்த ஆசாமிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சுற்றிச் சுற்றி எல்லாம் கம்பெனிச் சட்டத்தில்தான் வந்து நிற்கிறது என்பதுதான் பதில். பொறுமையாகக் கூட வாருங்கள்.

செகண்ட் லைஃப் என்ற பெயரை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் திறந்துவிட்ட மெய்நிகர் உலகம். நமக்கென்று ஓர் உருவம் எடுத்துக்கொண்டு உலாவலாம், நிலம் வாங்கலாம், கடை போடலாம். காசு கூட உண்டு, லிண்டன் டாலர் என்று பெயர். இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் ஒரு குழு. புதுச் சரக்கு வந்தால் தெரிய வேண்டுமா, கடைக்காரரின் குழுவில் சேர வேண்டும். வாடகை நிலத்தில் வீடு கட்ட வேண்டுமா, பெரும்பாலும் நிலக்காரரின் குழுவில் சேர வேண்டும். ஒருவர் 25 குழுக்களில் இருக்கலாம் என்று வரம்பு இருந்தது. அது போதவில்லை என்று மக்கள் கேட்டுக் கேட்டு, பிறகு 42 ஆயிற்று.

இந்தக் குழுக்களுக்குள் ஓட்டெடுப்பு நடத்தவும் ஒரு வசதி வைத்திருந்தார்கள். தீர்மானத்தை எழுதலாம். எத்தனை பேர் வாக்களித்தால் செல்லும், சாதாரணப் பெரும்பான்மையா, மூன்றில் இரண்டு பங்கா, எத்தனை நாள் அவகாசம் என்றெல்லாம் குறிக்கலாம். பார்க்க அழகான ஜனநாயகம். ஆனால் உறுப்பினரின் திரையில் அது ஒரு பாப்-அப் பெட்டியாக வந்து நிற்கும்போது அவர் என்ன செய்வார்? செருப்பு வாங்கப் போன கடையில், "எங்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுங்கள்" என்று கையில் சீட்டைத் திணித்தால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டிவிட்டு நடையைக் கட்டுவார். அதற்காக அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அவர் வாடிக்கையாளர். அவரைக் குடிமகன் என்று நினைத்துக்கொண்டது மென்பொருள்.

இது அங்கே மட்டும் நடக்கிற கூத்தா? நாக்பூரில் நான் இருக்கும் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாரம் இரண்டு ஓட்டெடுப்பு வருகிறது. மொட்டைமாடிக் கதவுக்கு என்ன நிறம் என்பதிலிருந்து, காவலாளி ஏஜென்சியை மாற்றலாமா என்பது வரை. கதவு நிறத்துக்குப் பாய்ந்து பாய்ந்து ஓட்டுப் போட்டவர்கள், ஏஜென்சி விஷயம் வரும்போது அலுத்துப் போய் விட்டுவிடுகிறார்கள். பதில் சொல்லாத பாதிப் பேரைச் சேர்த்து "அனைவரும் சம்மதம்" என்று மறுநாள் அறிவிப்பு வந்துவிடும். மௌனம் சம்மதம் என்று நம்மூர்க் கல்யாணப் பேச்சில் சொன்னால் சரி. கணக்கு எழுதுகிற எனக்கு அது உறுத்துகிறது. ஆளில்லாமல் கிடக்கிற மௌனத்தை யார் கணக்கில் வரவு வைப்பது? கம்ப்யூட்டர் ஊர்களின் தேர்தல் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விதான் என்பது என் எண்ணம்.

இதற்கு முன்னோடி லாம்ப்டாமூ. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பாவெல் கர்ட்டிஸ் நடத்திய உலகம். 1991 வாக்கில் பொதுமக்களுக்குத் திறந்தார். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். "நீங்கள் வரவேற்பறையில் இருக்கிறீர்கள்" என்று திரையில் வரும். நீங்கள் எதையாவது தட்டச்சு செய்தால், அந்த அறையில் இருக்கும் மற்றவர்களுக்குத் தெரியும். அந்த வீடே கர்ட்டிஸின் சொந்த வீட்டை மாதிரியாக வைத்து எழுதப்பட்டது. ஊரை மேய்த்தவர்களுக்கு விஸார்ட், அதாவது மந்திரவாதி என்று பெயர். சர்வரின் சாவி அவர்கள் கையில்.

கூட்டம் பெருகப் பெருக, தினம் ஒரு பஞ்சாயத்து. தீர்ப்புச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போன கர்ட்டிஸ், 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு விட்டார். இனி மந்திரவாதிகள் தொழில்நுட்ப வேலையை மட்டும் பார்ப்பார்கள், ஊர் விவகாரத்தை ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியைக் காலி செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றே மாதத்தில், 1993 மார்ச்சில், சோதனை வந்தது. மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் உலவிய ஒருவர், மற்றவர்களின் பாத்திரங்கள் தாங்களாகவே ஆபாசமான காரியங்களைச் செய்வதுபோல் காட்டும் ஒரு நிரலை வைத்து, வரவேற்பறையில் எல்லோர் முன்னிலையிலும் சிலரை வன்கொடுமைக்கு ஆளாக்கினார். எழுத்துதானே என்று சொல்லிவிடலாம். ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் அதைப் பற்றி எழுதும்போது நிஜமாகவே அழுதார் என்று ஜூலியன் டிபெல் பதிவு செய்திருக்கிறார். அவருடைய கட்டுரை 1993 டிசம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில் வந்து பெரிய விவாதமானது. பங்கிளை என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசியது. மணிக்கணக்காகப் பேசியும் முடிவு வரவில்லை. ஓட்டுப் போட வழியே அப்போது இல்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தானே முடிவெடுத்து, அந்தக் கணக்கை நீக்கினார்.

வெளியூர் போயிருந்த கர்ட்டிஸ் திரும்பி வந்து பார்த்தார். ஊரை ஊரிடம் விட்டால் மட்டும் போதாது, முடிவெடுக்க ஒரு முறையும் வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. மனு, அதன் பிறகு வாக்கெடுப்பு என்று ஒரு அமைப்பைக் கட்டினார். யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம். கையெழுத்துகள் சேர வேண்டும். மந்திரவாதிகள் அது சட்டத்துக்கு உட்பட்டதா, செய்யக்கூடியதா, தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வாக்கெடுப்பு. ஆதரவு, எதிர்ப்பைப் போல இரண்டு மடங்காவது இருந்தால் தீர்மானம் நிறைவேறும், மந்திரவாதிகள் அதை அமல்படுத்த வேண்டும்.

இங்கேதான் எனக்குக் கம்பெனிச் சட்டம் ஞாபகம் வந்தது. நம் 2013 சட்டத்தின் 114-வது பிரிவின்படி, சிறப்புத் தீர்மானம் நிறைவேற ஆதரவு எதிர்ப்பைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் போடப்பட்ட ஓட்டுகளை மட்டும்தான் எண்ணுகிறார்கள். போடாதவர்களின் மௌனம் யார் பக்கமும் சேராது. சஸ்பென்ஸ் அக்கவுண்டில் கிடக்கும். கணக்கு நேர்மையானதுதான்.

ஆனால் அங்கே வேறு வியாதி வந்தது. மனுவுக்கு மேல் மனு. ஆள் தொகையைக் கட்டுப்படுத்துவதா, ஒருவருக்கு எவ்வளவு இடம், மத்தியஸ்தர்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்று ஓயாத விவாதம். பேச்சில் ருசி கண்ட சிலர் அதிலேயே குடியிருந்தார்கள். சும்மா பொழுதுபோக்க வந்த பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், ஒரு தீர்மானம் தொழில்நுட்பமா, ஊர் விவகாரமா என்ற கோடு நிற்கவே இல்லை. யாருக்கு எவ்வளவு இடம் என்பது இரண்டும்தானே? 1996 மே மாதம் மந்திரவாதிகள் மறுபடி ஓர் அறிவிப்பு விட்டார்கள். ஊர் விவகாரத்தில் தலையிடாமல் இருப்பது சாத்தியமில்லை, இனி தலையிடுவோம் என்று. சாவி யார் கையில் இருந்ததோ, நாற்காலியும் அவரிடமே திரும்பிப் போயிற்று.

அடுத்த உதாரணம் ஃபேஸ்புக். அது மெய்நிகர் உலகம் இல்லைதான். ஆனால் குடிமக்களிடம் ஓட்டுக் கேட்ட கம்பெனி என்ற வகையில் இந்த வரிசையில் வரும். 2009 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிகளை மாற்றியபோது பெரும் எதிர்ப்பு. உடனே பின்வாங்கி, இனி முக்கிய மாற்றங்களை ஓட்டுக்கு விடுவோம் என்றார்கள். ஒரே நிபந்தனை, பயனாளர்களில் 30 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டால்தான் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 2009 ஏப்ரலில் நடந்த ஓட்டெடுப்பில் 20 கோடிப் பேரில் சுமார் 6.65 லட்சம் பேர் போட்டார்கள். 2012 டிசம்பரில், இந்த ஓட்டு முறையையே எடுத்துவிடலாமா என்று ஓட்டெடுப்பு. இப்போது மக்கள் தொகை 100 கோடி. போட்டவர்கள் சுமார் 6.68 லட்சம். அவர்களில் 88 சதவீதம் பேர் எடுக்காதே என்றார்கள். ஆனால் வேண்டியது 30 கோடி ஓட்டு. எடுத்துவிட்டார்கள்.

இதையும் கம்பெனிச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் வர வேண்டிய ஆட்களை கோரம் என்பார்கள். (தமிழில் எழுதினால் பயமாகத்தான் இருக்கிறது.) நம் சட்டத்தில், 5000 பேருக்கு மேல் பங்குதாரர்கள் உள்ள பொது நிறுவனத்துக்கு 30 பேர் நேரில் வந்தால் கோரம் ஆகிவிட்டது. 30 சதவீதம் இல்லை, வெறும் 30 பேர். அரை மணி நேரத்தில் அதுவும் சேரவில்லையென்றால் பொதுவாக அடுத்த வாரம் அதே நாள், அதே நேரத்துக்குத் தள்ளிவைப்பார்கள். அப்போதும் சேராவிட்டால் வந்திருப்பவர்களே கோரம். கல்லூரியில் இதைப் படித்தபோது, இவ்வளவு சல்லிசா என்று சிரித்தோம். சட்டம் எழுதியவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது. பெரும்பாலோர் வரமாட்டார்கள், வராததால் வந்தவன் பேச்சு வீணாகக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். 30 சதவீதம் என்று வைத்த இடத்திலோ, வராத கோடிகளின் மௌனம் முழுக்கக் கம்பெனி கணக்கில் வரவாகிவிட்டது.

வேறு வழியே இல்லையா? ஐஸ்லாந்தின் சி.சி.பி நிறுவனம் நடத்தும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி உலகம் ஒன்று கண்டது. 2007-ல் அந்த நிறுவன ஊழியர் ஒருவரே தன் கூட்டணிக்கு விலையுயர்ந்த பொருள்களை முறைகேடாகக் கொடுத்தது வெளியாகி, நம்பிக்கை ஆட்டம் கண்டது. அடுத்த வருஷம், 2008 மே மாதம், ஆட்டக்காரர்கள் தங்கள் பிரதிநிதிகள் 9 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் எல்லோரையும் கேட்காமல், கேட்பதற்கென்று சிலரை அனுப்புவது. அவர்களை ஐஸ்லாந்துக்கே வரவழைத்து நிர்வாகம் உட்கார்ந்து பேசியது. ஆலோசனைக் குழுதான், அதிகாரம் கிடையாது. ஆனால் 2011-ல் காசு பிடுங்கும் திட்டங்களை எதிர்த்து ஆட்டக்காரர்கள் கொதித்தபோது, அந்தக் குழுவைத்தான் அவசரமாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். ஓட்டுப் போடாத பெரும்பான்மைக்கும் அதனால் நஷ்டம் எதுவுமில்லை. அவர்கள் மௌனத்தை யாரும் எடுத்துச் செலவழிக்கவில்லை.

ஆகவே, திரையில் ஓட்டுப் பெட்டி குதித்தால் பெருக்கல் குறியைத் தட்டுமுன் நான் பார்ப்பது மூன்று விஷயம். இந்த விவகாரம் என்னுடையதா? முடிவை அமல்படுத்தும் சாவி யாரிடம்? நான் சும்மா இருந்தால் என் மௌனம் யார் கணக்கில் சேரும்? கதவு நிறத்துக்கு மூன்றுமே உப்புச் சப்பில்லாத பதில், தாராளமாக மூடிவிடலாம். காவலாளி ஏஜென்சி என்றால், பிடிக்கிறதோ இல்லையோ, ஓட்டைப் போட்டுவிடுகிறேன். ஏஜென்சி மாறினால் வேலை போகப் போவது, எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே இல்லாத நான்கு மனிதர்களுக்கு.